பி.லிப்பா, எம்.லிப்பா, குரூப் ஃபோரா? நூலகர் வேலைக்கு வடசென்னையிலிருந்து நாலு வழி

டிகிரி ரிசல்ட் வரும் மாதங்களில் இந்தக் கேள்வி விதவிதமாக வந்து சேரும். "அண்ணா, பி.லிப் போட்டா நம்ம ஏரியா லைப்ரரியிலேயே வேலை கிடைக்குமா?" என்பார் பழைய வண்ணாரப்பேட்டையில் பி.ஏ. முடித்தவர். "எம்.லிப் இருந்தாத்தான் மதிப்பாமே?" என்பார் கூட வந்தவர். "பொண்ணு எந்நேரமும் லைப்ரரியிலதான் கிடக்குறா, அதுலயே ஒரு வேலை வாங்கிட முடியாதா சார்?" என்று கேட்கும் அப்பாக்களும் உண்டு. பக்கத்தில் நிற்கிற யாராவது ஒருத்தர், "இதெல்லாம் எதுக்கு, குரூப் ஃபோர் எழுதிட்டு நிம்மதியா இருக்கலாமே" என்று முடித்து வைப்பார்.

ஆக, கைவசம் நாலு வழி. ஆறு மாதச் சான்றிதழ் படிப்பு. வீட்டிலிருந்தபடி தொலைநிலையில் பி.லிப் (இளநிலை நூலகவியல் பட்டம்); சேப்பாக்கத்தில் சென்னைப் பல்கலைக்கழகத்துக்குப் போய் நேரடி எம்.லிப் (முதுநிலை), நூலகப் படிப்பே வேண்டாம் என்று பொதுவான அரசுத் தேர்வு. என் சாய்வை முன்பே சொல்லிவிடுகிறேன். வீட்டுக்குச் சம்பளம் கொண்டுவர வேண்டிய கட்டாயத்தில் இருக்கும் பெரும்பாலானவர்களுக்கு இரண்டாவது வழிதான் சரி. ஆனால் எல்லோருக்கும் இல்லை. ஏன் என்பதுதான் இந்தக் கட்டுரை.

முதலில், எந்த நாற்காலி?

'நூலகர்' என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிடுகிறோம். உள்ளே போனால் படி படியாக இருக்கிறது.

1948ல் வந்த சென்னைப் பொது நூலகச் சட்டம்தான் எல்லாவற்றுக்கும் அடித்தளம். சுதந்திர இந்தியாவின் முதல் நூலகச் சட்டம் அது. பின்னால் நின்று உழைத்தவர் இந்திய நூலகவியலின் தந்தை என்று சொல்லப்படும் எஸ்.ஆர். அரங்கநாதன். அந்தச் சட்டப்படி மாவட்டத்துக்கு ஒரு நூலக ஆணைக்குழு. அதற்குப் பணம் எங்கிருந்து வருகிறது என்று பார்க்க ஆசையிருந்தால் வீட்டுக்காரரிடம் சொத்துவரி ரசீதை வாங்கிப் பாருங்கள்: வரியில் பத்து சதவீதம் நூலக வரி. சென்னைக்கான மாவட்ட மைய நூலகம் அண்ணா சாலையில் இருக்கும் தேவநேயப் பாவாணர் நூலகம். அதற்குக் கீழே முழுநேர நூலகங்கள், கிளை நூலகங்கள், பகுதி நேர நூலகங்கள். கன்னிமராவும் அண்ணா நூற்றாண்டு நூலகமும் தனி வகை, மாநில அளவிலானவை.

இதில் வடசென்னைக்காரர்கள் கவனிக்க வேண்டிய ஒரு சங்கதி உண்டு. ஏணியின் கீழ்ப்படி ஊர்ப்புற நூலகம். பெயர் சொல்வதுபோல அது பெரும்பாலும் கிராமப் பக்கம்தான். மாநகராட்சி எல்லைக்குள் இருக்கிற ராயபுரத்துக்காரருக்கு அந்தப் படி வேண்டுமென்றால் மீஞ்சூர், பொன்னேரி தாண்டி யோசிக்க வேண்டும். நகரத்தில் இருக்கிற கிளை நூலக இடங்களில் பல, ஏற்கெனவே உள்ளே இருப்பவர்கள் பதவி உயர்விலும் இடமாறுதலிலும் வந்து அமர்பவை. "நம்ம ஏரியா லைப்ரரியிலேயே" என்ற கனவோடு வருகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான். வேலை கிடைக்கலாம், அந்தத் தெருவிலேயே கிடைக்கும் என்று எண்ணிப் படிக்காதீர்கள்.

அதே பட்டத்துக்குப் பொது நூலகத்துக்கு வெளியேயும் நாற்காலிகள் இருக்கின்றன. கேந்திரிய வித்யாலயா நூலகர், சிபிஎஸ்இ பள்ளி நூலகர், கல்லூரி நூலகர், பல்கலைக்கழக உதவி நூலகர். இதை ஒதுக்கிவிட்டு யோசிக்கக் கூடாது. காரணம் கீழே வருகிறது.

எதை வைத்து எடை போடுவது

முதல் அளவுகோல், அந்தப் படிப்பு எத்தனை கதவைத் திறக்கிறது என்பது. நூலகப் பணிகளுக்கென்று டிஎன்பிஎஸ்சி 2023ல் நடத்திய தேர்வில் மொத்த இடங்கள் நாற்பதைக்கூடத் தொடவில்லை. மாவட்ட நூலக அலுவலர், சட்டக் கல்லூரி நூலகர், அண்ணா நூற்றாண்டு நூலகப் பணியிடம் எல்லாம் சேர்த்துத்தான் அந்தக் கணக்கு. இது ஆண்டுதோறும் தவறாமல் வருகிற தேர்வும் இல்லை. அதை மட்டும் நம்பி ஒரு படிப்பைத் தேர்ந்தெடுத்தால், அறிவிப்பு வராத ஆண்டுகளில் கையைப் பிசைந்துகொண்டு உட்கார வேண்டியதுதான்.

இரண்டாவது, பணம். கல்விக் கட்டணத்தைச் சொல்லவில்லை. அரசுப் பல்கலைக்கழகங்களில் அது சமாளிக்கக்கூடியதுதான். சம்பளமில்லாமல் போகும் மாதங்கள்தான் பெரிய செலவு. ஒரு வீட்டில் முதல் பட்டதாரி இரண்டு ஆண்டு வேலைக்குப் போகாமல் இருப்பது என்ன என்பது கொருக்குப்பேட்டையில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

மூன்றாவது, மொழி. தமிழ்வழியில் படித்தவர்களுக்கு மாநில அரசுப் பணியில் இருபது சதவீத முன்னுரிமை இருக்கிறது. 2020ல் சட்டத்தைத் திருத்தி, ஒன்றாம் வகுப்பிலிருந்து அந்தப் பதவிக்குக் கேட்கப்படும் கல்வித் தகுதி வரை முழுக்கத் தமிழ்வழியில் படித்திருக்க வேண்டும் என்று ஆக்கிவிட்டார்கள். மாநகராட்சிப் பள்ளியில் தொடங்கி பி.ஏ. வரை தமிழில் படித்த ஒருவர், பி.லிப்பை ஆங்கிலவழியில் முடித்தால், பி.லிப் கேட்கும் பதவிக்கு அந்த முன்னுரிமை போய்விடும். பலர் இதைச் சான்றிதழ் சரிபார்ப்பு நாளில்தான் கண்டுபிடிக்கிறார்கள்.

நான்காவது, கைப்பழக்கம். ஒரு புத்தகம் எந்தப் பொருளைச் சேர்ந்தது என்று காட்டும் பகுப்பு எண்ணைப் போடத் தெரியாமல், அட்டவணைப் பதிவு ஒன்றைத் தன் கையால் செய்யாமல் பட்டம் வாங்க முடிகிறது. நேர்முகத் தேர்வில் ஒரு புத்தகத்தைக் கையில் கொடுத்துவிட்டால் அது வெளிப்பட்டுவிடும்.

சான்றிதழ் படிப்பு

நூலகத்தில் சேர இதுதான் மிகக் குறுகிய வழி. பிளஸ் டூ போதும். இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகமான இக்னோவில் ஆறு மாதம். சேர்ப்புப் பதிவேடு எழுதுவது, இரவல் கொடுப்பது, அடுக்கில் வைப்பது என்று அன்றாட வேலைகளின் அகரவரிசை இதில் இருக்கிறது.

திறக்கும் கதவுகள் குறைவு: ஊர்ப்புற நூலகர், கீழ்நிலை நூலகர் பணியிடங்கள், தனியார் பள்ளி நூலக உதவியாளர். அரசுப் பக்கம் இந்த இடங்கள் வேலைவாய்ப்பகப் பதிவு மூப்பை வைத்தும் நிரப்பப்படுவதுண்டு. ஆகவே சான்றிதழ் கைக்கு வந்த வாரமே பதிவு செய்ய வேண்டும். பதிவை மூன்று ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். மறந்தால் மூப்பு போச்சு. இந்த வழியின் மறைமுகச் செலவு இதுதான், காசாகத் தெரியாது, ஆண்டுகளாகக் கழியும்.

யாருக்கு நல்லது? கல்லூரியில் இரண்டாம், மூன்றாம் ஆண்டில் இருப்பவர்களுக்கு. 2022 முதல் பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) ஒரே நேரத்தில் இரண்டு படிப்புகளை அனுமதிக்கிறது. வியாசர்பாடி அம்பேத்கர் கல்லூரியிலோ பாரதி பெண்கள் கல்லூரியிலோ பகலில் டிகிரி படித்துக்கொண்டே இதைத் தொலைநிலையில் முடித்துவிடலாம். ஆறு மாதத்தில், 'இந்த வேலை எனக்கு ஒத்துவருமா' என்பதும் தெரிந்துவிடும். டிகிரி முடித்துவிட்டவர் இதில் சேர்வது வீண், நேராக பி.லிப்புக்குப் போகலாம்.

தொலைநிலையில் பி.லிப்

ஏதாவது ஒரு பட்டம் இருந்தால் போதும், ஓராண்டில் இன்னொரு பட்டம். தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகமும் இக்னோவும் நடத்துகின்றன. தமிழ் இலக்கியம் படித்தவர், வணிகவியல் படித்தவர், கணிதம் படித்தவர் எல்லோரும் ஒரே வகுப்பில். அரங்கநாதனே மாநிலக் கல்லூரியில் கணிதம் நடத்திக்கொண்டிருந்தவர்தான். 1924ல் சென்னைப் பல்கலைக்கழக நூலகர் ஆன பிறகுதான் இந்தத் துறைக்கே வந்தார்.

இந்தப் பட்டத்தின் பலம், அது ஒரே கதவோடு நிற்பதில்லை. டிஎன்பிஎஸ்சி நூலகப் பணிகளில் பலவற்றுக்கு இது வாசல். கேந்திரிய வித்யாலயா நூலகர் பதவிக்கும் இதுதான் தகுதி; அங்கே அடிப்படைச் சம்பளம் 44,900 ரூபாயில் தொடங்குகிறது. இந்தியா முழுக்க எங்கு வேண்டுமானாலும் போடுவார்கள், இந்தியிலும் புழங்கத் தெரிந்திருக்க வேண்டும், 35 வயது வரம்பு, இடஒதுக்கீட்டுத் தளர்வு தனி. நகரத்து சிபிஎஸ்இ பள்ளிகள் நூலகர் வைத்தே ஆக வேண்டும். அங்கே சம்பளம் பள்ளிக்குப் பள்ளி வேறுபடும், பல இடங்களில் மனம் நோகும் அளவுக்குக் குறைவு. இருந்தாலும் அனுபவச் சான்றிதழ் கிடைக்கும்.

இனி வில்லங்கங்கள். இங்கே கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும்.

ஒன்று, அங்கீகாரம். நீங்கள் சேரும் ஆண்டில், அந்தப் பல்கலைக்கழகத்தின் அந்தக் குறிப்பிட்ட படிப்புக்கு யுஜிசி தொலைநிலைக் கல்விப் பிரிவின் அனுமதி இருக்கிறதா என்று அவர்கள் இணையதளத்திலேயே பாருங்கள். பல்கலைக்கழகத்துக்குப் பெயர் இருக்கிறது என்பது போதாது. மாடியில் பலகை மாட்டியிருக்கும் 'அட்மிஷன் சென்டர்' ஆள் சொல்வதை நம்பிப் பணம் கட்டாதீர்கள். அனுமதியில்லாத பட்டம் ஃபிரேம் போட்டு மாட்டத்தான் ஆகும்.

இரண்டு, இதைவிடக் கசப்பானது. 2009ல் தமிழக அரசு போட்ட அரசாணைப்படி பத்து, பிளஸ் டூ, அப்புறம் பட்டம் என்ற வரிசையில் படித்தவர்களுக்கே அரசு வேலையில் அந்தப் பட்டம் செல்லும். நம் பக்கத்தில் பத்தாவதோடு நின்று, ஹார்பரிலோ பட்டறையிலோ வேலை பார்த்து, பிறகு திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் நேரடியாகப் பட்டம் வாங்கியவர்கள் நிறைய. அவர்கள் உழைப்பு குறைந்தது என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் அந்தப் பட்டத்தின் மேல் பி.லிப் கட்டினாலும் மாநில அரசுப் பணிக்கு அது நிற்காது. உங்கள் நிலை இதுதான் என்றால் முதலில் தனித்தேர்வராகப் பிளஸ் டூ எழுதினால் பழைய பட்டம் உயிர்பெற்றுவிடும் என்று சிலர் சொல்வார்கள். ஆணை கேட்பது வரிசையை. அதை நம்பி ஆண்டுகளைச் செலவழிக்காமல், தனியார் பள்ளி, கல்லூரி நூலகங்களைக் குறிவையுங்கள்.

மூன்று, மொழி. இக்னோவில் ஆங்கிலம், இல்லையென்றால் இந்தி. தமிழ்வழி முன்னுரிமை உங்களுக்கு முக்கியமென்றால் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் சேரும் முன்பே, பயிற்றுமொழி எது, அதைச் சான்றிதழில் எப்படிக் குறிப்பிடுவார்கள், தமிழ்வழிச் சான்று தருவார்களா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் ஆயிரம் ரூபாய் வாங்கிப் படித்த பெண்கள் அது இங்கேயும் தொடரும் என்று எண்ணிவிடக் கூடாது. தொலைநிலைப் படிப்புக்கு அது கிடையாது.

நான்கு, செய்முறை. தொலைநிலையின் உண்மையான பலவீனம் இதுதான். தமிழ் இலக்கியத்துக்கு டியூயி பகுப்பு முறையில் 894.811, அரங்கநாதனின் கோலன் பகுப்பு முறையில் ஓ31 என்று புத்தகத்தில் படித்துவிடலாம். ஆனால் 'வடசென்னை மீனவர்களின் கடன் பழக்கங்கள்' என்று ஒரு நூல் வந்தால் அதைப் பொருளாதாரத்தில் வைப்பதா, சமூகவியலில் வைப்பதா, ஊர்ப் பிரிவை எப்படிச் சேர்ப்பது என்பது கையால் போட்டுப் போட்டுத்தான் வரும். வார இறுதித் தொடர்பு வகுப்புகளைத் தவறவிடுகிறவர்கள் இதை இழக்கிறார்கள். டியூயி தொகுதிகள் தனியாள் வாங்கும் விலையில் இல்லை.

அதற்கு வழி இருக்கிறது, காசும் பெரிதாக ஆகாது. நூலக மென்பொருளான கோஹா திறந்த மூலநிரல். யார் வேண்டுமானாலும் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். நியூசிலாந்தில் பிறந்தது, இன்று நம் கல்லூரிகள் பலவற்றில் ஓடுகிறது. வடசென்னையில் தெருவுக்குத் தெரு படிப்பகமும் மன்றமும் அம்பேத்கர் பெயரில் இரவுப் பாடசாலையும் உண்டே, அதில் ஒன்றில் மூலையில் அடுக்கிக் கிடக்கும் புத்தகங்களை எடுத்துச் சேர்ப்பு எண் போட்டு, பகுத்து, கோஹாவில் ஏற்றிக் கொடுங்கள். படிப்பகத்துக்கும் நல்லது. நேர்முகத் தேர்வில் "என்ன செய்திருக்கிறீர்கள்?" என்று கேட்டால் சொல்ல ஒரு விஷயமும் இருக்கும். டியூயியைப் புரட்ட வேண்டுமென்றால் எழும்பூருக்குப் போங்கள். கன்னிமரா 1896ல் திறந்தது. இந்தியாவில் வெளியாகும் நூல்களின் பிரதி சட்டப்படி வந்து சேரும் நான்கு நூலகங்களில் ஒன்று. நூலகவியல் பாடநூல்களையும் அங்கேயே உட்கார்ந்து படிக்கலாம்.

சேப்பாக்கத்தில் எம்.லிப்

சென்னை நூலகச் சங்கம் 1929ல் கோடைக்கால வகுப்பாகத் தொடங்கிய நூலகப் பயிற்சியை 1931ல் சென்னைப் பல்கலைக்கழகம் ஏற்றுக்கொண்டது. அந்த மரபில் வந்த துறையில் நேரில் உட்கார்ந்து இரண்டு ஆண்டு படிப்பதற்கு ஒரு கனம் உண்டு. ஆசிரியர் பக்கத்தில் இருப்பார், பல்கலைக்கழக நூலகம் கைக்கெட்டும் தூரம், உடன் படிப்பவர்கள்தான் நாளைக்கு எந்தக் கல்லூரியில் இடம் காலி என்று சொல்லப்போகிறவர்கள். இந்தக் கடைசி விஷயத்தைத் தொலைநிலை மாணவர்கள் சம்பாதிப்பது கடினம்.

போக்குவரத்து பழையபடி இல்லை. 2021ல் மெட்ரோ விம்கோ நகர் வரை நீண்ட பிறகு திருவொற்றியூரில் ஏறி அரசினர் தோட்டத்தில் இறங்கலாம். அங்கிருந்து சேப்பாக்கம் பக்கம்தான். எண்ணூர், கத்திவாக்கம்காரர்கள் புறநகர் ரயிலில் கடற்கரை வந்து பறக்கும் ரயில் மாறலாம், செலவு இன்னும் குறையும்.

எம்.லிப்பின் பெரிய கதவு கல்லூரி, பல்கலைக்கழக நூலகம். யுஜிசி விதிப்படி அங்கே 55 சதவீதத்தோடு முதுநிலைப் பட்டமும் நெட் (தேசியத் தகுதித் தேர்வு) அல்லது செட் (மாநிலத் தகுதித் தேர்வு) தேர்ச்சியும் வேண்டும். தொடக்க அடிப்படைச் சம்பளம் 57,700 ரூபாய். நூலகர் வேலையில் இதைவிட நல்ல தொடக்கம் அரிது. நெட் தேர்வில் நூலகவியல் தாள் தமிழில் கிடையாது. பி.ஏ. வரை தமிழில் படித்தவர் இரண்டு ஆண்டில் ஆங்கிலக் கலைச்சொற்களோடு பழகிக்கொள்ள வேண்டும். நேரடி வகுப்பு அதற்குத்தான் உதவுகிறது.

இழப்பு என்ன? இரண்டு ஆண்டுச் சம்பளம், தமிழ்வழி முன்னுரிமையில் வரும் சிக்கல், இவற்றோடு இன்னொன்று: படித்து வெளியே வரும்போது கிளை நூலக இடத்தைப் பார்த்து, "இதுக்கா இவ்வளவு படிச்சேன்" என்று மனம் சுளித்துக்கொள்வது. பொது நூலகத்தை விரும்பி இந்த வழியில் நுழைந்து, கடைசியில் பொறியியல் கல்லூரி நூலகத்தில் மின்னிதழ்ச் சந்தா கணக்குப் பார்த்துக்கொண்டிருப்பவர்கள் உண்டு. தப்பில்லை. ஆனால் அது வேறு வேலை.

பி.லிப்பைத் தொலைநிலையில் முடித்துவிட்டு, வேலை கிடைத்த பிறகு அதே தொலைநிலையில் எம்.லிப்பைச் சேர்த்துக்கொள்வதும் நடக்கிறது. இக்னோவில் அது இன்னோர் ஆண்டு. மாவட்ட நூலக அலுவலர் கனவு இருக்கிறவர்கள் இந்த இரண்டு படி முறையை யோசிக்கலாம்.

நூலகப் படிப்பே வேண்டாம், குரூப் ஃபோர்

கணக்கு மட்டும் பார்த்தால் இதை அடிக்க ஆளில்லை. 2025 குரூப் ஃபோர் அறிவிப்பில் 3,935 இடங்கள். பத்தாவது போதும், ஒரே தேர்வு, நேர்முகம் இல்லை. நூலகத் தேர்வின் நாற்பதுக்குள் அடங்கும் இடங்களோடு இதை வைத்துப் பாருங்கள். எழுதுகிறவர்கள் லட்சக்கணக்கில் என்பது அதன் மறுபக்கம்.

ஆனால் அந்த வேலை கோப்பு வேலை. தாலுகா அலுவலகத்தில் பட்டா மனுக்களுக்கு நடுவே உட்கார்ந்துகொண்டு, புத்தக அடுக்கை நினைத்து ஏங்குவதில் பொருளில்லை. நூலகத்தை நேசிக்கிறவர், மாலை ஐந்தே முக்காலுக்கு வேலை முடிந்து வாசகர் வட்டத்தை நடத்தப் போகலாம்; அப்படிச் செய்கிறவர்கள் இருக்கிறார்கள், நூலகத்துக்கு அவர்களால் பெரிய பலம். அதுவும் ஒரு நல்ல முடிவுதான்.

மறைமுகச் செலவு கோச்சிங். கட்டணத்தைவிட, 'அடுத்த தேர்வில் கிடைத்துவிடும்' என்று ஓடும் ஆண்டுகள். ஒரு சமாதானம்: பத்தாம் வகுப்புத் தரத்தில் வரும் தமிழ்த் தகுதித் தாள், பொது அறிவு, திறனறிவு மூன்றும் நூலகத் தேர்விலும் வேண்டியவை. தமிழில் 150க்கு 60 எடுக்காவிட்டால் மற்ற விடைகளைத் திருத்தவே மாட்டார்கள். ஆகவே குரூப் ஃபோருக்குப் படிப்பதும் பி.லிப்புக்குப் படிப்பதும் சண்டை போடும் விஷயங்கள் இல்லை.

| வழி | காலம் | திறக்கும் கதவு | கண்ணுக்குத் தெரியாத செலவு | யாருக்குப் பொருந்தும் |
|---|---|---|---|---|
| சான்றிதழ் | ஆறு மாதம் | ஊர்ப்புற, கீழ்நிலை நூலகர். பள்ளி உதவியாளர் | பதிவு மூப்புக்குக் காத்திருக்கும் ஆண்டுகள் | டிகிரி படித்துக்கொண்டிருப்பவர் |
| தொலைநிலை பி.லிப் | ஓராண்டு | நூலகத் தேர்வு, கேந்திரிய வித்யாலயா, சிபிஎஸ்இ பள்ளி | செய்முறைக் குறை. அங்கீகாரம், தமிழ்வழிச் சான்றுச் சிக்கல் | சம்பாதித்துக்கொண்டே படிக்க வேண்டியவர் |
| நேரடி எம்.லிப் | இரண்டு ஆண்டு | மேற்கண்டவற்றோடு கல்லூரி, பல்கலைக்கழகம் | இழந்த சம்பளம். ஆங்கிலம் | நெட்டைக் குறிவைப்பவர் |
| குரூப் ஃபோர் | தேர்வைப் பொறுத்து | இளநிலை உதவியாளர், விஏஓ முதலியவை | கோச்சிங்கில் கரையும் ஆண்டுகள் | அரசு வேலையே முதல் தேவை என்பவர் |

வேலையைப் பற்றி யாரும் சொல்லாதது

எந்த வழியில் போனாலும் பொது நூலகத்துக்கு ஒரு வாழ்க்கை முறை உண்டு. வார விடுமுறை வெள்ளிக்கிழமை. ஊரே ஓய்வெடுக்கும் ஞாயிற்றுக்கிழமை நீங்கள் மேசையில் இருப்பீர்கள். கல்யாணம், காதுகுத்து எல்லாம் ஞாயிற்றுக்கிழமை வைக்கும் சொந்தக்காரர்களிடம் இதைப் புரியவைக்கச் சில ஆண்டுகள் ஆகும். முழுநேர நூலகம் காலை எட்டிலிருந்து இரவு எட்டு வரை. முறை போட்டுப் பார்க்க வேண்டும். இருப்புச் சரிபார்ப்பில் குறையும் புத்தகத்துக்குக் கணக்குச் சொல்ல வேண்டியவரும் நீங்கள்தான்.

காலையில் கதவைத் திறந்ததும் தினத்தந்திக்கு மூன்று பெரியவர்கள் காத்திருப்பார்கள். பத்து மணிக்கு மேல் வருகிறவர்கள் பெரும்பாலும் புத்தகத்துக்காக வருவதில்லை. உட்கார இடத்துக்காக வருகிறார்கள். வாரியக் குடியிருப்பில் ஒற்றை அறை வீடு, டிவி ஓடும், தம்பி அழுவான். தேர்வுக்குப் படிக்கும் பெண்ணுக்கு நூலக மேசைதான் சொந்த அறை. கொளத்தூரில் 2024ல் திறந்த முதல்வர் படைப்பகம் நிரம்பி வழிவதற்குக் காரணம் இதுதான். வடசென்னையில் நூலகராக விரும்புகிறவர் அரங்கநாதனின் ஐந்து விதிகளை மனப்பாடம் செய்தால் மட்டும் ஆகாது. மின்விசிறி ஓடுகிறதா, கழிவறையில் தண்ணீர் வருகிறதா, பெண்கள் இருட்டிய பிறகும் பயமில்லாமல் உட்கார முடிகிறதா என்று பார்க்கத் தெரிய வேண்டும். ஆன்லைன் விண்ணப்பம் நிரப்பித் தரத் தெரிய வேண்டும். புரவலர் சேர்க்க வட்டச் செயலாளரிடமும் பேச வேண்டும், மளிகைக்கடை அண்ணாச்சியிடமும் பேச வேண்டும். இதற்கு எந்தப் பல்கலைக்கழகத்திலும் தாள் கிடையாது. சேர்வதற்கு முன் சில மாதங்கள் உங்கள் கிளை நூலக வாசகர் வட்டத்தில் வேலை செய்து பாருங்கள். நவம்பர் 14 முதல் 20 வரை நூலக வார விழா; ஆள் போதாமல் தவிப்பார்கள், போய் நின்றால் வேண்டாம் என்று சொல்ல மாட்டார்கள்.

ஆகவே, யார் எதை எடுப்பது

கல்லூரியில் இருக்கிறீர்கள், இன்னும் ஓராண்டு மிச்சம்: சான்றிதழை இப்போதே முடியுங்கள்.

பட்டம் முடித்துவிட்டீர்கள், வீட்டில் இன்னொரு சம்பளம் இருக்கிறது, ஆங்கிலத்தைக் கண்டு அஞ்சவில்லை, வயது இருபத்தைந்துக்குள்: சேப்பாக்கம் போங்கள். இரண்டாம் ஆண்டிலேயே நெட் எழுதிப் பாருங்கள். பொது நூலகம்தான் வேண்டும் என்றாலும் இந்தப் பட்டம் அதற்குத் தடை இல்லை.

குடும்பம் உங்கள் தலையில், ஓராண்டுக்குள் நிலையான வருமானம் தேவை: குரூப் ஃபோருக்கு முழு மூச்சாக. பி.லிப் பிறகு.

மிச்சமிருப்பவர்கள்தான் அதிகம். முப்பது தாண்டிய பெண், பி.காம். முடித்து, கல்யாணமாகி, பிள்ளை பள்ளிக்குப் போக ஆரம்பித்து, இப்போது வேலைக்குத் திரும்ப நினைப்பவர். அல்லது பாரிமுனையில் கடையில் கணக்கு எழுதிக்கொண்டிருக்கும் இளைஞர். இவர்களுக்குத் தொலைநிலை பி.லிப், கூடவே தினம் ஒரு மணி நேரம் தமிழ்த் தகுதித் தாளுக்கு. நூலகத் தேர்வு அறிவிப்பு வந்தால் எழுதலாம். வராத ஆண்டில் பள்ளி நூலகத்தில் சேர்ந்து அனுபவம் சேர்க்கலாம். எதுவும் நடக்காவிட்டாலும் குரூப் ஃபோருக்குப் படித்தது வீணாகாது. ஜனவரி, ஜூலை என்று ஆண்டுக்கு இரண்டு பருவம் சேர்க்கை இருப்பதால் ஒன்றைத் தவறவிட்டால் அடுத்தது ஆறு மாதத்தில் வந்துவிடும். தொலைநிலைப் படிப்பில் சேர இப்போது 'டெப் ஐடி' என்ற எண்ணை இணையத்தில் உருவாக்க வேண்டியிருக்கிறது. அதைத் தொடங்கும் முன் ஆதார், பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியல், பட்டச் சான்றிதழ் மூன்றிலும் பெயரும் இனிஷியலும் ஒரே மாதிரி இருக்கின்றனவா என்று பாருங்கள். கல்யாணத்துக்குப் பிறகு ஆதாரில் இனிஷியல் மாறியவர்கள் முதலில் இ-சேவை மையத்துக்குப் போய் அதைச் சரிசெய்துவிடுவது நல்லது.